குடியரசுக்கும் தலைவருக்கும் நடுவே ஒரு 'த்'

இன்றைக்குப் பத்திரிகைகளில் 'அமெரிக்க அதிபர்' என்று சர்வசாதாரணமாகப் போடுகிறார்கள். படிக்கிறவர்கள் யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு மட்டும் அந்த வார்த்தையைப் பார்த்ததும் கோபம் வரும். எழுபத்தாறிலேயே இது எங்கள் கரும்பலகைக்கு வந்திருக்கக் கூடாதா, ஒரு மனிதருக்கு அவ்வளவு கஷ்டம் வந்திருக்காதே என்று தோன்றும்.

அப்போது நான் தியாகராய நகரில் ஒரு டுடோரியலில் பி.ஏ. அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எம்.ஏ. முடித்துவிட்டு, கல்லூரி வேலைக்கு மனு மேல் மனுவாகப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். சாயங்காலம் மயிலாப்பூரில் பஸ் ஏறி, பாண்டி பஜாரில் இறங்கி, மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தோடு முட்டி மோதி நடந்தால் ஒரு பாத்திரக் கடை வரும். அதன் மாடிதான் டுடோரியல். கடை, மாடி, டுடோரியல் எல்லாம் ஒருவருக்கே சொந்தம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள். பிரைவேட்டாகத் தமிழில் பி.ஏ. எழுதுகிறவர்கள். ஜவுளிக்கடை சேல்ஸ்மேன்கள், ஒரு தபால்காரர், சில ஆபீஸ் குமாஸ்தாக்கள். நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் சொருகும். அயல்நாட்டு அரசியலமைப்புகள் என்று ஒரு பேப்பர் இருந்தது. பிரிட்டனை எப்படியோ தாண்டிவிடுவார்கள். அமெரிக்காவில் போய் விழுவார்கள்.

விழுவதற்குக் காரணம் இருந்தது. அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் வைப்பது, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு நம்பும்படியாக இல்லை. சட்டம் செய்கிறவர்கள் ஓர் இடம், நடத்துகிறவர் ஓர் இடம், தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஓர் இடம் என்றேன். பாடநூல் இதற்குத் 'தடைகளும் சமன்களும்' என்று பெயர் வைத்திருந்தது. அதைக் கேட்டால் தமிழனுக்கும் புரியாது, அமெரிக்கனுக்கும் புரியாது.

"ஒருத்தன் கால ஒருத்தன் வாரிக்கினே இருக்கணும். எவனும் ரொம்ப நேரம் நிமுந்து நிக்கக் கூடாது. அதான டீச்சர்?" என்றார் முதல் பெஞ்சில் இருந்த குமாஸ்தா.

அதேதான் என்றேன். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அவருக்கு மந்தைவெளி. தேனாம்பேட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் இளநிலை உதவியாளர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் டிகிரி வாங்கி மேலே போய்விட்டார்கள். இவர் மட்டும் அதே நாற்காலியில். மற்ற பேப்பர் எல்லாம் பாஸ், இந்த ஒன்றுதான் பாக்கி. வருகிற ஏப்ரலோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. அதில் தவறினால் எல்லாப் பேப்பரையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். "அமெரிக்காவத் தாண்டிட்டேன்னா போதும் டீச்சர், அப்பால மேல் சீட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் அவரை "இன்னா நைனா, கப்பல் எப்போ?" என்று கிண்டல் செய்வார்கள்.

பேச்சு அப்படி இருந்தாலும் அவர் எழுத்து வேறு மாதிரி. கோப்பெல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று ஆபீஸ்களில் உத்தரவு வந்திருந்த நேரம். அவருடைய மேலதிகாரி ஒற்றுப் பிழை கண்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவராம். சுழி வாங்கி வாங்கி இவருக்கு ஒற்று கைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. வாயால் 'எய்துறேன்' என்பார், கையால் எழுதினால் ஒரு 'க்', ஒரு 'த்' பிசகாது. அச்சடித்த மாதிரி உருண்டை எழுத்து. எனக்குச் சாக்பீஸ் தூள் ஆகாது, இழுப்பு வந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவர்தான் பலகையில் எழுதுவார்.

இங்கே அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தலைவரை எப்படிக் குறிப்பிடுவது என்று ஆரம்பத்திலேயே ஒரு பேச்சு வந்தது. யாரோ 'அதிபர்' என்று எங்கோ பார்த்ததாகச் சொன்னார்கள். சேல்ஸ்மேன்கள் சிரித்துவிட்டார்கள். "அதிபர்னா எங்க முதலாளி டீச்சர். கல்யாணப் பத்திரிகையில ஜவுளிக்கடை அதிபர்னுதானே போடுறாங்க?" தியாகராய நகரில் கல்லை விட்டெறிந்தால் ஓர் அதிபர் மேல் விழும், அது உண்மைதான். பாடத்திட்டத்தில் 'குடியரசுத் தலைவர்' என்று இருந்தது. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். டில்லியில் இருக்கிறவருக்கும் அதே பெயர், வாஷிங்டனில் இருக்கிறவருக்கும் அதே பெயர். மேலே 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்று தலைப்பு இருக்கிறதே, அப்புறம் என்ன குழப்பம்? இதில் என் தப்பு எதுவும் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நெருக்கடி நிலை வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எழுபத்தாறின் தொடக்கத்தில் இங்கே இருந்த மாநில அரசையும் கலைத்துவிட்டார்கள். பேப்பரைத் திறந்தால் 'குடியரசுத் தலைவர் ஆட்சி', ரேடியோவைத் திருப்பினால் 'குடியரசுத் தலைவர் ஆட்சி'. மக்கள் டீக்கடையில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள். என் அம்மா நான் கிளம்பும்போதெல்லாம், "எதையாவது பேசி வச்சுட்டு வராதே. சொல்லிக் கொடுத்தோமா, ஆத்துக்கு வந்தோமான்னு இரு" என்பாள். நான் அமெரிக்காவைப் பற்றித்தானே பேசுகிறேன் என்று சமாதானம் சொல்வேன்.

ஆனால் வகுப்பு மாறித்தான் இருந்தது. தூங்கி வழிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவரைப் பிடித்து அடைத்தால் எதற்கு அடைத்தாய் என்று நீதிமன்றம் கேட்கலாம், ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று உத்தரவு போடலாம் என்றேன். தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பேசாமல் இருப்பதும் அங்கே ஓர் உரிமை என்றேன். தபால்காரர் மெதுவாக, "அங்கேதானே டீச்சர்?" என்று கேட்டார். அங்கேதான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாடியில் ஒரே கரும்பலகை. என் வகுப்பு முடிந்ததும் காமர்ஸ் வாத்தியார் வருவார். கடையை அடைத்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள் என் குறிப்புகளை மறுநாள் வந்து பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்பதால், பலகையின் கீழ்ப்பாதியை அழிக்காமல் விடச் சொல்லியிருந்தேன். நல்ல மனிதர், மேல்பாதியை மட்டும் துடைத்து அதில் தன் கணக்கைப் போடுவார். போகும்போது தன்னுடையதையும் துடைத்துவிட்டுப் போவார். மாதக்கணக்காக நடந்துவந்த ஏற்பாடு அது. அந்த மேல்பாதியில்தான் என் தலைப்பு இருக்கும் என்பதை நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

அன்று நான் மாடி ஏறும்போதே வகுப்பில் சத்தமில்லை. கதவருகில் அண்ணாச்சி வெளிறிப்போய் நின்றிருந்தார். பலகைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பின்பக்கம் கை கட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கிராப்பைப் பார்த்ததுமே போலீஸ் என்று தெரிந்தது. கடைச் சுவரில் யாரோ கரியால் அரசாங்கத்தைத் திட்டி எழுதிவிட்டார்களாம். அண்ணாச்சி பயந்துபோய் விடியும் முன்பே சுண்ணாம்பு அடித்துவிட்டார். சுவரைப் பார்க்க வந்தவர், பார்க்க எதுவும் இல்லாத கோபத்தில் மாடிக்கு ஏறியிருக்கிறார். ஏறியவர் கண்ணில் இது பட்டது:

'குடியரசுத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் முறை. ஒன்று: பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும். இரண்டு: செனட் சபை விசாரிக்கும். மூன்று: மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் அவர் பதவி இழப்பார்.'

மேல்பாதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது.

"நீங்கதான் டீச்சரா? என்னம்மா இது?"

"அமெரிக்க அரசியலமைப்பு சார். பி.ஏ. பாடம்."

"அமெரிக்கான்னு எங்க போட்டிருக்கு?"

தலைப்பு அழிந்துவிட்டது என்று சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. "செனட் சபைன்னு போட்டிருக்கே சார், நம்ம நாட்டுல ஏது செனட்?" என்றேன்.

"ஏன் இல்ல? யுனிவர்சிட்டியில செனட் இருக்கே!"

மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பல்கலைக்கழகத்து செனட் கூடி நாட்டின் தலைவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறது என்று ஒருவர் நிஜமாகவே பயப்படுகிறார். ஆனால் அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. மாணவர்கள், சபை, நீக்கும் முறை, எல்லாம் அவருக்கு ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.

"யார் எழுதினது?"

யாரும் வாய் திறக்கவில்லை. முதல் பெஞ்சுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கார் உத்தியோகம். பெயர் ஒரு முறை போலீஸ் காகிதத்தில் ஏறினால் போதும், மேல் சீட்டு இல்லை, இருக்கிற சீட்டும் இல்லை.

"பேச மாட்டீங்க? அப்ப எல்லாருக்கும் பங்கு இருக்குன்னு எழுதிக்கவா?"

நம் ஊரில் பெண் பார்க்கும்போதே அப்படித்தான். தலையைக் குனிந்து பேசாமல் நின்றால் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று தட்டை மாற்றிவிடுவார்கள். போன வாரம்தான் இவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

சாக்பீஸை நீட்டினார். எழுதிக் காட்டினேன். என் எழுத்து எப்போதும் கோழிக் கிறுக்கல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உக்காரும்மா" என்றார். பிறகு பெஞ்சுகளைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க. 'குடியரசுத் தலைவர்'னு எழுதிட்டுப் போங்க" என்றார்.

வந்தார்கள். எழுதினார்கள். எத்தனை முறை மண்டையில் அடித்துச் சொல்லியிருப்பேன், நடுவில் ஒரு 'த்' வரும் என்று! எல்லாரும் 'குடியரசு தலைவர்' என்றே எழுதினார்கள். ஒருவர் 'தளைவர்' என்றே எழுதிவிட்டார். வேண்டுமென்று செய்தார்களா, வழக்கமான பிழையா, எனக்குத் தெரியாது. அதற்கு முன் அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

கடைசியாக அவர் எழுந்தார்.

விட்டுவிடுங்கள், அந்த ஒரு எழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எழுத்தைக் கோணலாக்கலாம், சாய்க்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்துத்தான் தொடங்கினார். 'குடியரசு' என்று எழுதினார். நிறுத்தினார். சாக்பீஸ் பலகைமேல் அப்படியே நின்றது. கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் கை நகர்ந்தது. 'சு'வுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு 'த்'. அதன் தலையில் புள்ளி. அப்புறம் 'தலைவர்'.

வெள்ளைச் சட்டைக்காரர் 'த்' மேல் விரலை வைத்தார். "இவர்தான்" என்றார்.

சொல்லிக் கொடுத்தது நான், என்னைக் கூட்டிப் போங்கள் என்று கத்தினேன். நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும். "பொம்பளைங்கள விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதும்மா, சட்டம் இருக்கு" என்றார் அவர். ஒரு சட்டத்தையாவது மதிக்கிறாரே என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டியதுதான். படி இறங்கும்போது குமாஸ்தா என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ பிழை செய்துவிட்டவர் போல, "தப்பா எய்தக் கை வரல டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் பாடத்திட்டத்தையும் பாடநூலையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "நமக்கு எதுக்கு டீச்சரம்மா இந்தச் சோலி" என்று முந்தின நாள் புலம்பிய அண்ணாச்சி, எனக்கு முன்பே அங்கே வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு நின்றிருந்தார். "ஐயா, இது அமெரிக்காக்காரன் சமாச்சாரம். நம்ம சமாச்சாரம் எதையும் இவங்க படிக்கல்ல" என்று உள்ளே போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னார். அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்றார்கள். மயிலாப்பூரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஓடினேன். ஆளைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனு போட முடியாதா என்று கேட்டேன். "இப்போ அதெல்லாம் எடுபடாதும்மா" என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எந்தப் பாடத்தை மனப்பாடமாக நடத்தினேனோ அதன் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

சில நாள் கழித்து அவரை விட்டுவிட்டார்கள். யாரோ மேலே இருப்பவர் பாடநூலைப் புரட்டிப் பார்த்தாராம். வகுப்புக்கு வந்தபோது வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார். கேட்டதற்கு, "கதவு இடுக்குல மாட்டிக்கினுது டீச்சர்" என்றார். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. காவலில் இருந்த சர்க்கார் ஊழியர் என்பதால் ஆபீசில் சஸ்பென்ஷன். கொஞ்ச நாளில் அதை எடுத்தார்கள். ஆனால் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொண்டேதான் இருந்தார்களாம். இனி டிகிரிதான் கதி, அது இருந்தால் வேறு ஆபீசுக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார்.

முதல் பெஞ்சை விட்டுக் கடைசிக்குப் போய்விட்டார். பலகையில் எழுத யாரும் வரவில்லை. நானே இழுத்து இழுத்து எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் 'அமெரிக்க', 'அமெரிக்க' என்று போட்டேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அமெரிக்க செனட், அமெரிக்கத் தலைமை நீதிபதி. படிக்கவே அசிங்கமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் பலகை முழுவதையும் துடைத்துவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் புதுச் சட்டம்.

ஏப்ரல் வந்தது. அவர் கை ஆறியிருந்தது. கையெழுத்தும் பழையபடி உருண்டையாக வந்துவிட்டது. வீட்டில் எழுதிப் பார்த்த பதில்களைக் கொண்டுவந்து காட்டுவார். அதிகாரப் பிரிவினை, தடைகளும் சமன்களும், மாநிலங்களின் உரிமை, எல்லாம் கச்சிதம். குடியரசுத் தலைவர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'நிர்வாகத் துறை' என்று போட்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதவி நீக்கத்தை மட்டும் வாயால் ஒப்பித்தார். தண்ணீர் மாதிரி ஒப்பித்ததால் நானும் எழுதிக் காட்டச் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். சேல்ஸ்மேன்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள். "டீச்சர், நீங்க சொன்னதே வந்துடுச்சு! கட்டாயக் கேள்வியே அதுதான்!" வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வி, கட்டாயம் எழுத வேண்டியது: அமெரிக்கக் குடியரசுத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் முறையை விவரி. அதை விட்டால் மற்றதெல்லாம் முழுசாக எழுதினாலும் பாஸ் போட மாட்டார்கள், அதுதான் விதி. அவருக்குத் தெரியாத ஒரு புள்ளிகூட அதில் இல்லை.

அவர் கடைசியாக வந்தார். வேப்பமரத்தடியில் நின்று வினாத்தாளை நீட்டினார். எழுதிய கேள்விகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தார். முதல் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"என்ன இது? மறந்துபோச்சா?"

"இல்ல டீச்சர். மொத்தமும் தெரியும்."

"பின்னே?"

வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"குடியரசு வரைக்கும் எய்திட்டேன் டீச்சர். அதுக்கு மேல கை வரல."